சுவர் வெளிப்பக்கம் விழுந்துவிட்டது

சுவர் உள்பக்கமாகத்தான் விழும் என்று சுகுமாறன் கணக்குப் போட்டிருந்தார். சுவர் வேறு கணக்குப் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சம்மட்டியால் மூன்றாவது அடி. முதல் இரண்டு அடிகளில் ஒன்று அவருடைய கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்ததால் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. மூன்றாவது அடியில் சமையலறைப் பின்சுவர் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு, விருந்து முடிந்து எழுந்து போகும் பெரிய மனிதரைப் போல அவசரமே இல்லாமல் வெளிப்பக்கம் சாய்ந்து, ஒட்டியிருந்த பழைய கக்கூசையும் கூட்டிக்கொண்டு, சாக்கடைக்கு மேலே முழு நீளத்துக்கும் படுத்துக்கொண்டது.

"என்னாங்க சத்தம்?" என்று முன்னறையிலிருந்து அவர் மனைவி நீலாவதி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சுவருதான்."

"எந்தப் பக்கம் விழுந்திச்சி?"

நீலாவதியே வந்து பார்த்தாள். சமையலறை இருந்த இடத்திலிருந்து செம்பனைத் தோட்டம் அழகாகத் தெரிந்தது.

"ஆள் கூப்புடுங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். 'நான் சினாவாங்குல இருவது வருசம் பேக்டரியப் பாத்தவன்'னு சொன்னீங்க. கேட்டுல ஜாகாவா, காவலுக்கு உக்காந்து பாத்தத மட்டும் சொல்லல."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் சுகுமாறன் அப்போது அவமானப்படவில்லை. பயந்துகொண்டிருந்தார்.

அந்தப் பயத்துக்கு இருபத்திரண்டு வயது. செலாசே தோட்டம் கைமாறியபோது, தொழிலாளர் லயங்களில் இருந்தவர்களுக்காகத் தோட்டத்தின் ஓரத்தில் நாற்பத்தெட்டு வீடுகளைக் கட்டி, சாமான்களோடு லோரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வீட்டுப் பட்டா, அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் கிராண்டு, விரைவில் வழங்கப்படும் என்றார்கள். அந்த விரைவு இன்னும் வந்து சேரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. பட்டாப் பெறுவோர் பட்டியலில் உள்ளவர்கள் வீட்டு நிபந்தனைகளை மீறினால் அவர்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம் என்று அதில் இருந்தது.

அன்றிலிருந்து அந்தத் தாமான் குடியிருப்பில் தும்முவதற்குக்கூட மக்கள் யோசித்தார்கள். ஆணி அடிப்பதென்றால் வாசலில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு அடித்தார்கள். கடைசி வரிசைப் புஷ்பவள்ளி தன் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டதை எழுத்து மூலமாகத் தெரிவித்து, நகலும் வைத்துக்கொண்டாள்.

சுகுமாறனும் சும்மா சம்மட்டியைத் தூக்கிவிடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத அந்தச் சமையலறையை ஆறடி நீட்ட எட்டு மாதம் அலைந்து அனுமதி வாங்கியிருந்தார். அனுமதிக் கடிதத்தின் பதினான்காவது நிபந்தனை: கட்டடக் கழிவுகள் ஏழு நாள்களுக்குள் முறைப்படி அகற்றப்பட வேண்டும்.

முறைப்படி என்றால் எப்படி என்று பதினைந்தாவது நிபந்தனையில் இருக்கும் என்று பார்த்தார். பதினைந்தாவது நிபந்தனை கோழி வளர்ப்பதைப் பற்றி இருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய் நின்றார். அலுவலகத்தின் பெயர் தோட்டப்புற வீடமைப்பு, கழிவு, நிலப்பட்டியல் ஒருங்கிணைப்பு அலுவலகம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசி இரண்டு சொற்கள் பக்கத்து முடிதிருத்தும் கடையின் சுவரில் இருந்தன. மக்கள் சுருக்கமாக 'ஒருங்கிணைப்பு' என்பார்கள்.

"உடைச்ச கல்ல எடுக்க அனுமதி வேணுமாம்மா?" என்று முகப்பில் இருந்த ஷாமினியிடம் கேட்டார். ஒப்பந்த வேலையில் இருந்த சின்னப் பெண்.

"அனுமதின்னா துவானத்தான் கேக்கணும் அங்கிள்," என்று அவள் உள்ளறையைக் காட்டினாள்.

துவான், துணை ஒருங்கிணைப்பாளர் தர்மராஜ், மறுநாளே அளவு நாடாவோடும் மூன்று நிற நூலுருண்டைகளோடும் வந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அந்த அலுவலகத்திலிருந்து யாரும் வந்ததில்லை.

தர்மராஜ் குவியலைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கோயிலில் நடப்பதுபோல வலமாக நடந்தார். பிறகு குனிந்து நூல் கட்டத் தொடங்கினார்.

"இங்க பாருங்க மிஸ்டர் சுகுமாறன். வீட்டை ஒட்டி நாலடி மாவட்ட மன்றத்து நெலம். அதுக்கு மஞ்ச நூலு. அடுத்த மூணடி லொங்காங், இந்தச் சாக்கடை, வடிகால் இலாகாவோடது. நீல நூலு. அந்தாண்ட தோட்டக் கம்பெனி. செவப்பு. உங்க சுவரு மூணு எல்லையிலயும் விழுந்திருக்கு."

"தெரியாம விழுந்திருச்சி துவான்."

"சுவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

கக்கூசுப் பீங்கான் இரண்டாக உடைந்து நீல நூலுக்குக் கீழே கிடந்தது. தர்மராஜ் அதை வெகுநேரம் பார்த்தார்.

"உடைஞ்சது நல்லதாப் போச்சி. ஆனா எல்லைக் கோட்டுல உடையல," என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

"நானே அள்ளிப் போட்டுரட்டுமா துவான்? ஒரு நாள் வேலதான்."

தர்மராஜ் நிமிர்ந்தார். "அள்ளுனா அது நகர்த்தப்பட்ட கழிவு. நகர்த்தப்பட்ட கழிவு புதுக் கழிவு. அதுக்குப் புதுசா ஏழு நாள் ஆரம்பிக்கும்."

சுகுமாறனுக்கு ஒரு நொடி ஆசை வந்தது.

"ஆனா பழைய கழிவு காணாமப் போன குற்றம் உங்க மேல வரும். கிராண்டு பட்டியல்ல பேரு இருக்கில்ல? பாத்துக்குங்க லா."

மூன்று எல்லைக்கும் மூன்று படிவம், ஊர்ப் பேச்சில் பாரம். எந்தக் கல் யாருடைய எல்லையில் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கல்லின் எண்ணைக் குறிக்கப் பாரத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. சுகுமாறன் இருபது வருடம் லோரி நம்பர் எழுதிய கை. சுண்ணாம்புக் கட்டியோடு உட்கார்ந்து 0001 என்று தொடங்கி, அன்று மாலைக்குள் 0611 வரை ஒவ்வொரு செங்கல்லிலும் எழுதிவிட்டார். பீங்கானின் இரண்டு பாதிகளும் 0612, 0613.

புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது குவியலின் மேல் ஒரு மெத்தை கிடந்தது. ஒரு பழைய டிவி. மூன்று கால் நாற்காலி. குப்பை இருக்கும் இடத்தில் குப்பை போடுவது தப்பில்லை என்று யாரோ முடிவெடுத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் இன்னொரு மெத்தை வந்தது.

"இதுக்கெல்லாம் எந்தப் பாரத்துல எழுதுவேன்?" என்று நீலாவதியிடம் கேட்டுச் சுகுமாறன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மெத்த மூணு எல்லையிலயும் கெடக்குதடி."

வீடு அவருக்கு வெறும் வீடு இல்லை. அவர் பிறந்த லயம் இப்போது கோல்ப் மைதானம். வளர்ந்த லயம் நெடுஞ்சாலைக்குக் கீழே இருக்கிறது. கல்யாணமாகி நீலாவதியை அழைத்துவந்த லயத்தை அவர் கண் முன்னாலேயே இடித்தார்கள். மூன்று முறையும் அவர்தான் சாமான்களை லோரியில் ஏற்றினார். மூன்றாவது முறை ஏற்றும்போது அவர் அப்பா லோரிக்குப் பக்கத்தில் நின்று, "அடுத்தது எங்கடா?" என்று கேட்டார். பதில் தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான்காவது முறை ஏற்றுவதற்குச் சுகுமாறனிடம் முதுகு இல்லை.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். வேறு வழி தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டார். சமையலறையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து வந்து, மெத்தைகளை இழுத்து ஓரமாகப் போட்டு, குவியலின் உச்சியில் மூன்று செங்கற்களை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நீலாவதியின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டி, ஓர் எலுமிச்சம் பழத்தையும் வைத்தார். சாமி இருக்கும் இடத்தில் எவனும் மெத்தை போட மாட்டான்.

போடவில்லை. வியாழக்கிழமை காலை யாரும் எதையும் போடவில்லை. மாலையில் பார்த்தால் மூன்று கற்களுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு சுருட்டு.

சுருட்டு என்றால் முனீஸ்வரன். தான் வைத்தது வெறும் கல் என்பது சுகுமாறனுக்குத் தெரியும். முனீஸ்வரனுக்கும் அது தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

"நீலா, நான் போயி உண்மையச் சொல்லிர்றேன்."

"யாருகிட்ட? வெளக்கு வச்சது சன்னாசி அண்ணன். அவருகிட்டப் போயி, அண்ணே நீங்க கும்புட்டது எங்க வீட்டுக் கக்கூசுன்னு சொல்லப்போறீங்களா?"

சன்னாசி அந்தத் தாமானின் குடியிருப்போர் சங்கத் தலைவர், மரண சகாய நிதித் தலைவர், தலைவர்கள் கூட்டமைப்புக்கும் தலைவர். மறுநாளே வந்து சுகுமாறனின் தோளைப் பிடித்தார்.

"தம்பி, ஒங்க வீட்டுக்குப் பின்னால ஐயா வந்திருக்காரு. எனக்கு மூணு மாசத்துக்கு முன்னயே கனவுல சொன்னாரு. கங்காணி காலத்துல இங்கதான் இருந்தாரு. கல்லப் பாத்தீங்களா? நம்பரு! நாலு நம்பரு! மனுசன் எழுதுவானா இப்படி?"

சுகுமாறன் சுண்ணாம்புக் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

உச்சியில் நட்ட மூன்று கற்களில் நடுக்கல் 0318. சனிக்கிழமை நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலில் 0318-க்கு ஆறுதல் பரிசு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கெமாசிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். கோலா கிளாவாங்கிலிருந்து ஒரு குடும்பம் மலையிறங்கி வந்தது. அறுநூற்றுப் பதின்மூன்று எண்களையும் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் தகரக் கூரை எழுந்தது. பீங்கானின் ஒரு பாதியில் செம்பருத்தி மிதந்தது. தன் வீட்டுச் சமையலறையிலிருந்து, இல்லாத சுவரின் வழியாக, சுகுமாறன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவப் பின்பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். அவர் வைத்த கல்தான். இருந்தாலும் கழற்றினார்.

திங்கட்கிழமை எட்டாம் நாள். தர்மராஜ் வந்தார். கூரையைப் பார்த்தார், உண்டியலைப் பார்த்தார். அவருடைய மூன்று நூல்களிலும் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். அவர் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது.

"இது சாதாரணக் கழிவு இல்ல," என்றார். "வழிபாட்டுத் தன்மை கொண்ட கட்டடக் கழிவு. புது வகை. நாட்டுலயே முதல் கோப்பு நம்மளுதா இருக்கும்."

"எடுத்துரலாமா துவான்?"

"எடுக்கறதா? இதத் தொடறதுக்கே ஒரு செயற்குழு போடணும்."

போகும்போது கைப்பேசியில் ஐந்தாறு கற்களைப் படம் எடுத்துக்கொண்டார். கோப்புக்கு என்றார். எல்லாம் நம்பர் தெளிவாகத் தெரிகிற கற்கள்.

புதன்கிழமை சாயங்காலம் பொது மண்டபத்தில் விளக்கக் கூட்டம். தர்மராஜ் ஒலிவாங்கியை மூன்று முறை தட்டிவிட்டுப் பேசினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! எங்கள் அலுவலகம் குப்பையை ஒருநாளும் இழிவாக நினைத்ததில்லை. உங்கள் குப்பை இல்லையென்றால் நாங்கள் இல்லை. கடந்த பதினோரு ஆண்டுகளில், எங்கள் பொறுப்பில் ஒரு செங்கல்கூடத் தவறான இடத்தில் கொட்டப்பட்டதில்லை என்பதைப் பெருமையோடு கூறிக்கொள்கிறேன்."

கைதட்டல். பின்வரிசையிலிருந்து நீலாவதியின் குரல் வந்தது.

"சரியான எடத்துல எவ்வளவு கொட்டுனீங்க துவான்?"

சுகுமாறன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"நல்ல கேள்வி," என்றார் தர்மராஜ். "கொட்டுவது எங்கள் வேலை அல்ல அம்மா. ஒருங்கிணைப்பதுதான் எங்கள் வேலை. கொட்டிவிட்டால் பிறகு ஒருங்கிணைப்பதற்கு என்ன மிஞ்சும்? எண்ணிப் பாருங்கள்."

மக்கள் எண்ணிப் பார்த்தார்கள். மறுபடியும் கைதட்டினார்கள். தட்டாதவர்கள் பெயர் பட்டியலிலிருந்து போய்விடுமோ என்று நன்றாகவே தட்டினார்கள்.

அடுத்துச் சன்னாசி ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்த ஆலயத்தின் நிறுவனர் என்ற முறையில்..."

"நிறுவனரா?" என்று தர்மராஜ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நல்லது. நிறுவனர் இங்கே கையெழுத்திட வேண்டும். மூன்று எல்லையிலும் அனுமதியின்றிப் பொருள் வைத்ததற்கான முழுப் பொறுப்பும் நிறுவனருடையது. கிராண்டுப் பட்டியலில் அவர் பெயர் பற்றியும் நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்."

சன்னாசி ஒரு மூச்சுதான் இழுத்தார். குரலில் பிசிறே இல்லை.

"நிறுவனர் என்ற முறையில் நாம் அனைவரும் மதிக்க வேண்டியவர், அடக்கமே உருவான நமது அன்புத் தம்பி சுகுமாறன் அவர்கள்! நான் வெறும் தலைவர்தான். தம்பி, மேடைக்கு வாங்க! மாலையக் கொண்டாங்கப்பா!"

எப்போதோ யாருக்கோ வாங்கி வைத்திருந்த மாலை. சுகுமாறன் கழுத்தில் விழுந்தது. கையெழுத்துப் போடக் குனிந்தார். பேனா எழுதவில்லை. தர்மராஜே உதறிக் கொடுத்து எழுத வைத்தார். "வெள்ளிக்கெழம மூணு மணிக்கு ஆபிசுக்கு வந்துருங்க. பேர ஏன் வெட்டக் கூடாதுன்னு நீங்க வெளக்கம் குடுக்கலாம்," என்று காதோடு சொன்னார், வாழ்த்துச் சொல்வதுபோல.

அடுத்த ஒன்றரை நாள் சுகுமாறன் சாப்பிடவில்லை. நீலாவதி இடியாப்பம் வைத்தாள், தொடவில்லை. விளக்கத்தை எழுதி எழுதிக் கிழித்தார். கற்களைச் சாமி என்று எழுதினால் அனுமதியில்லாத கோயில். சாமி இல்லை என்று எழுதினால் முறைப்படி அகற்றாத குப்பை. இரண்டும் எழுதினால் பைத்தியம். எதுவும் எழுதாவிட்டால் ஒத்துழையாமை.

"நானும் வரேன்," என்றாள் நீலாவதி.

"வேணாம். நீ கேள்வி கேப்ப."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அலுவலகத்தில் ஷாமினி மட்டும் இருந்தாள். தன் குவளை, கால்குலேட்டர், ஒரு சின்னப் பிள்ளையார் படம் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"துவான் இல்ல அங்கிள். கோர்சுக்குப் போயிருக்காரு. விரைவான சேவை பத்தி. நாலு நாள் கோர்சு."

"மூணு மணிக்கு வரச் சொன்னாரேம்மா."

"அவரு எல்லாரையும் மூணு மணிக்குத்தான் வரச் சொல்லுவாரு. ஒக்காருங்க. தேத்தண்ணி குடிக்கறீங்களா? மொகமெல்லாம் என்னவோ மாதிரி இருக்கு."

அந்த ஒரு விசாரிப்பில் சுகுமாறன் உடைந்துவிட்டார்.

"நாந்தாம்மா மஞ்சத்தூளு பூசினேன். மெத்த போடறானுங்கன்னு பூசினேன். நம்பரு எழுதினதும் நாந்தான். சாமிகிட்ட நான் தனியா மன்னிப்புக் கேட்டுக்கறேன். எங்க அப்பா பேர்லயும் வீடு இல்ல, தாத்தா பேர்லயும் இல்ல. எம் பொஞ்சாதி பதினெட்டு வயசுலருந்து அடுத்தவன் வீட்டச் சுத்தமா வச்சிக்கிட்டிருக்கா. பேர மட்டும் வெட்டிர வேணாம்னு துவான்கிட்டச் சொல்லும்மா. அந்தக் கல்ல நான் என்னாதான் பண்றது?"

ஷாமினி குவளையைக் கீழே வைத்தாள்.

"அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுங்க அங்கிள். லிங்கி ரோட்டுல பெட்ரோல் ஸ்டேசன் தாண்டி லெப்ட்டுல மாவட்டக் குப்பக் கெடங்கு இருக்கு. காலைல எட்டுலருந்து அஞ்சு வரைக்கும். வீட்டு ஒடைசல யாரு கொண்டுபோனாலும் எடுத்துக்குவாங்க."

"பாரம்?"

"பாரமே இல்ல. அந்த மூணு பாரமும் துவான் அவரே டைப் பண்ணது."

"அன்னிக்கே நீ சொல்லலியேம்மா."

"எங்க கொட்டறதுன்னு நீங்க கேக்கல அங்கிள். அனுமதி வேணுமான்னு கேட்டீங்க. இங்க வர்ற அம்புட்டுப் பேரும் அதத்தான் கேக்கறாங்க."

பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் முறையாகச் சுகுமாறனுக்கு மூச்சு அடிவயிறுவரை போய்வந்தது. சாமியைப் பற்றி நீலாவதியோடு கலந்துகொள்ளலாம். ஒரு தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மரியாதையாக வேறு மரத்தடிக்கு அனுப்பிவைக்கலாம். ஆனால் ஒன்று மிச்சமிருந்தது. கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப... பட்டியல்ல எம் பேரும்மா? வெட்டிட்டாங்களா?"

ஷாமினியும் கதவைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னியோட ஒப்பந்தம் முடியுது அங்கிள். அஞ்சு மணிக்கு நான் யாரோ. அதனால உண்மையச் சொல்லவா?"

"சொல்லு."

அவள் எழுந்து போய், 'கிராண்டுப் பட்டியல்' என்று எழுதியிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினாள். மேல்தட்டில் மூன்று நிற நூலுருண்டைகள் ஒரு டஜன் இருந்தன. கீழ்த்தட்டில் தீபாவளிக்குக் கட்டுகிற அலங்கார விளக்கு. ஒரு பூப்பந்து மட்டை. காகிதம் என்று ஒன்றுகூட இல்லை.

"உங்க பேர யாரும் வெட்டல. வெட்டவும் முடியாது," என்றாள். தன் அப்பாவிடம் சொல்வதுபோல மெதுவாகத்தான் சொன்னாள். "பட்டியல்னு ஒண்ணு இல்ல அங்கிள். எப்பவுமே இருந்ததில்ல. நாப்பத்தெட்டு வீடும் இன்னும் கம்பெனி பேர்லதான் இருக்கு."